டேட்டாபேஸை வெர்ச்சுவல் ஸ்டோரேஜில் வைக்கலாமா? எதை அளப்பது, எதை நம்புவது

"வெர்ச்சுவல் டிஸ்க்கில் டேட்டாபேஸ் வைத்தால் உருப்படாது" என்று ஒரு கட்சி. "அதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாமே கிளவுட், எல்லாமே எஸ்எஸ்டி, கவலையே வேண்டாம்" என்று இன்னொரு கட்சி. சர்வர் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், இரண்டு கட்சியும் வந்து உட்கார்ந்துவிடும். இருவரும் ஆதாரமாக நீட்டுவது பெரும்பாலும் ஒரே மாதிரி எண்: விநாடிக்கு இத்தனை ஆயிரம் ரீட், இத்தனை ஆயிரம் ரைட்.

அந்த எண் பொய் இல்லை. ஆனால் டேட்டாபேஸ் கேட்கும் கேள்வி அது இல்லை. டேட்டாபேஸுக்கு வேண்டியது இரண்டு பதில்கள்தான். "எழுதியாச்சு" என்று ஸ்டோரேஜ் சொன்னால் நிஜமாகவே எழுதியாயிற்றா? அந்தப் பதில் வர, மோசமான நேரத்தில் எவ்வளவு தாமதமாகும்? நடுவில் வரும் வெர்ச்சுவல் அடுக்கு, அதாவது டேட்டாபேஸுக்கும் உண்மையான டிஸ்க்குக்கும் இடையில் நிற்கும் சாஃப்ட்வேர், இந்த இரண்டையும் என்ன செய்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். அதனால் முதலில் டேட்டாபேஸ் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

## சிட்டையும் பேரேடும்

பழைய மளிகை மண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளையிடம் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று சிட்டை: வரவோ செலவோ, நடந்த வரிசையில் அப்போதே அதில் ஒரு வரி விழும். இன்னொன்று பேரேடு: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பக்கம். சிட்டையில் இருப்பதைக் கடை ஓய்ந்த நேரத்தில் உரிய பக்கம் தேடிப் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றும்போது பாதியில் எழுந்து போனாலும் பாதகமில்லை. சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். ஆனால் சிட்டையில் வரி விழாமலே "சரி, போய்ட்டு வாங்க" என்று ஆளை அனுப்பிவிட்டால் அந்தக் கணக்கு போனது போனதுதான்.

டேட்டாபேஸ் செய்வது அப்படியே இதுதான். அதன் சிட்டைக்கு லாக் என்று பெயர். பேரேட்டுப் பக்கத்துக்குப் பேஜ் என்று பெயர். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ்களில் ஒரு பேஜ் வழக்கமாக 8 கேபி, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஸ்டோரேஜ் பகுதியான இன்னோடிபியில் 16 கேபி. ஒரு பரிவர்த்தனையை "முடிந்தது" என்று அப்ளிகேஷனுக்குச் சொல்லும் தருணம் கமிட். கமிட் சொல்வதற்கு முன் லாக் வரி டிஸ்க்கில் இருந்தாக வேண்டும். பேஜ்களைப் பின்னால் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல். ஆபரேட்டிங் சிஸ்டம் எதையும் உடனே டிஸ்க்கில் எழுதாது. மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆயிற்று" என்று சொல்லிவிடும். பிறகு சேர்த்து எழுதும். வேகத்துக்காகச் செய்யும் நல்ல காரியம்தான், ஆனால் கமிட்டுக்கு ஆகாது. அதனால் டேட்டாபேஸ் தனியாக ஒரு கட்டளை கொடுக்கும்: "இந்த ஃபைலில் நான் எழுதியதெல்லாம் கரண்ட் போனாலும் அழியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பதில் சொல். அதுவரை காத்திருக்கிறேன்." இந்தக் கட்டளையின் பெயர் எஃப்சிங்க். டேட்டாபேஸின் மொத்த நம்பகத்தன்மையும் இந்த ஒரு கட்டளைக்குக் கிடைக்கும் பதிலில்தான் நிற்கிறது.

## நடுவில் நுழையும் அடுக்கு

டிஸ்க் என்பது சிஸ்டத்தின் கண்ணுக்கு எண் போட்ட பிளாக்குகளின் நீண்ட வரிசை. ஒரு பிளாக் 512 பைட் அல்லது 4 கேபி. "5,00,000ஆம் பிளாக்கில் இதை எழுது" என்றால் எழுதும். "படி" என்றால் படித்துத் தரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஸ்டோரேஜ் வெர்ச்சுவலைசேஷன் என்பது இந்த எண்ணுக்கும் உண்மையான இடத்துக்கும் நடுவில் ஓர் அட்டவணை வைப்பது. டேட்டாபேஸ் "5,00,000ஆம் பிளாக்" என்று கேட்கும். நடுவில் இருக்கும் சாஃப்ட்வேர் அட்டவணையைப் பார்த்து, "அது மூன்றாவது டிஸ்க்கில் 81,200ஆம் பிளாக்" என்று கண்டுபிடித்து அங்கே போகும். டேட்டாபேஸுக்கு இது தெரியவே தெரியாது. தன்னிடம் ஒரே ஒரு டிஸ்க் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அப்படிக் காட்டப்படும் டிஸ்க்குக்கு வால்யூம் என்று பெயர்.

இந்த அட்டவணை உட்காரும் இடம் பல. லினக்ஸுக்குள்ளேயே எல்விஎம் என்ற வடிவில் இருக்கலாம். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை (வெர்ச்சுவல் மெஷின்களை) ஓட்டும் விஎம்வேர், கேவிஎம் போன்றவற்றில், அந்த மெஷினின் டிஸ்க், அதைத் தாங்கும் நிஜ கம்ப்யூட்டரான ஹோஸ்டில் ஒரு சாதாரண ஃபைலாக இருக்கலாம். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளை ஒரு பெட்டியில் அடுக்கி நெட்வொர்க் வழியாகப் பங்கிட்டுத் தரும் சான் முறை இருக்கும். கிளவுடில் அமேசான் 2008இல் தொடங்கிய ஈபிஎஸ் போன்ற சேவை. பல இடங்களில் இவை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்கு இருப்பதும் சகஜம். யாரும் வரைந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அட்டவணையை மாற்றினால் டேட்டாவையே இடம் மாற்றியதாகிவிடும் என்பதில்தான் இதன் லாபமெல்லாம். டேட்டாபேஸை நிறுத்தாமல் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குப் போகலாம். வால்யூமைப் பெரிதாக்கலாம். ஒரு நொடியில் நகல் எடுக்கலாம். இவை சின்ன விஷயங்கள் இல்லை. நள்ளிரவில் டிஸ்க் மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதுவரை பார்த்தது: லாக்தான் சிட்டை, பேஜ்கள்தான் பேரேடு, எஃப்சிங்க் என்பது சிட்டையில் வரி விழுந்ததா என்ற உறுதி. வெர்ச்சுவல் ஸ்டோரேஜ் என்பது அந்த நோட்டுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் கணக்குப்பிள்ளையிடமிருந்து மறைக்கும் ஓர் அட்டவணை. இனி இரண்டு கேள்விகளுக்கு வரலாம்.

## முதல் கேள்வி: "எழுதியாச்சு" என்பது உண்மையா?

இதைச் சோதிக்க ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றும். லாக்கில் அடுத்தடுத்த வரியாக எழுதி, ஒவ்வொரு முறையும் எஃப்சிங்க் கேட்டால், எழுத வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஆக விநாடிக்கு 120ஐத் தாண்டக் கூடாது. அந்த டிஸ்க் விநாடிக்கு 3000 எஃப்சிங்க் முடித்ததாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ நடுவில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆயிற்று" என்கிறார்கள். டிஸ்க்கின் சொந்த கேஷ் மெமரியாக இருக்கலாம், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டாக இருக்கலாம், வெர்ச்சுவல் அடுக்காக இருக்கலாம்.

வாங்கி வைப்பதே தவறு என்று இல்லை. அந்த மெமரிக்கு பேட்டரியோ கெபாசிட்டரோ இருந்து, கரண்ட் போனபின்னும் உள்ளே இருப்பதைக் காப்பாற்றி எழுதிவிடும் என்றால் அதுவும் "அழியாத இடம்"தான். நல்ல ரெய்டு கார்டுகளும் சர்வர்களுக்கென்று செய்த எஸ்எஸ்டிகளும் இப்படித்தான் வேகமாக இருக்கின்றன. பேட்டரி இல்லாத மெமரியிலிருந்து வரும் "ஆயிற்று"தான் ஆபத்து.

வெர்ச்சுவல் அடுக்கில் இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். கேவிஎம்முடன் சேர்ந்து ஓடும் கியூஈஎம்யூ என்ற சாஃப்ட்வேரில் டிஸ்க்குக்கு கேஷ் முறை தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒன்றின் பெயரே அன்சேஃப். எஃப்சிங்க் கேட்டதும் உள்ளிருக்கும் சிஸ்டம் அனுப்பும் "டிஸ்க்கில் இறக்கு" என்ற கட்டளையை அது கண்டுகொள்ளாது. பெயரிலேயே எச்சரிக்கை இருப்பதால் இதையாவது மன்னிக்கலாம். வெர்ச்சுவல் மெஷின் ஓட்டும் இன்னொரு சாஃப்ட்வேரான விர்ச்சுவல்பாக்ஸ், வேகத்துக்காக இந்தக் கட்டளையை வழக்கமாகவே புறக்கணிக்கும் என்று அதன் கையேடே சொல்கிறது. வேண்டுமென்றால் நாம்தான் செட்டிங் மாற்ற வேண்டும். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் போஸ்ட்கிரெஸ் போட்டுப் பார்த்து, "சர்வரைவிட வேகமாக இருக்கிறதே" என்று வியப்பவர்கள் பலருக்கும் காரணம் இதுதான்.

எழுத முடியாமல் போகும்போது என்ன ஆகிறது என்பது இதே கேள்வியின் இன்னொரு பக்கம். 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குபவர்கள் நடுவே பெரிய பரபரப்பு. ஸ்டோரேஜில் பிழை வந்து ஒரு பேஜை எழுத முடியாமல் போனால், லினக்ஸ் அதை எஃப்சிங்க்கின் பதிலில் ஒரு முறை சொல்லும். சொல்லிவிட்டு, பல ஃபைல் சிஸ்டங்களில், அந்தப் பேஜை "எழுதிமுடித்தது" என்று குறித்துவிடும். டேட்டாபேஸ் மறுபடி எஃப்சிங்க் கேட்டால் "எல்லாம் சரி" என்று பதில் வரும். டேட்டாவோ டிஸ்க்குக்குப் போகவே இல்லை. போஸ்ட்கிரெஸ் அத்தனை காலமும் "ஒரு முறை தோற்றால் மறுபடி முயலலாம்" என்ற நம்பிக்கையில் இருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த வெளியீடுகளில் அதை மாற்றினார்கள்: எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, லாக்கிலிருந்து மறுபடி எழுந்து வரும். சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைத் திரும்ப எழுதும் அதே வேலை.

இது ஏன் வெர்ச்சுவல் ஸ்டோரேஜ் கட்டுரையில் வருகிறது? சொந்த டிஸ்க்கில் எழுதும்போது இப்படிப் பிழை வருவது அபூர்வம். வால்யூமுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நெட்வொர்க்கும் பங்கீடும் வந்துவிட்டால், டிஸ்க் நன்றாக இருக்கும்போதே எழுத முடியாமல் போக ஏராளமான வழிகள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று தின் ப்ரொவிஷனிங். 1 டிபி வால்யூம் என்று காட்டுவார்கள். எழுத எழுதத்தான் பின்னால் இடம் ஒதுக்குவார்கள். பத்து பேருக்கு 1 டிபி வீதம் காட்டிவிட்டு உள்ளே 4 டிபி மட்டும் வைத்திருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நிரப்பாதவரை ஓடும். நிரம்பிய நாளில், டேட்டாபேஸ் பார்க்கும்போது வால்யூமில் பாதி காலியாக இருக்கும், எழுதினால் பிழை வரும். தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

## இரண்டாவது கேள்வி: பதில் வர எவ்வளவு நேரம்?

விநாடிக்கு எத்தனை ரீட், ரைட் என்ற அளவுக்கு ஐஓபிஎஸ் என்று பெயர். ஒரு ரீட் அல்லது ரைட் கேட்டு, பதில் வரும்வரை ஆகும் நேரம் லேட்டன்சி. இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஸ்டோரேஜிடம் நிலுவையில் இருக்கிறது என்ற மூன்றாவது எண் நடுவில் இருக்கிறது. நிலுவையை லேட்டன்சியால் வகுத்தால் ஐஓபிஎஸ்.

விளம்பரத்தில் 1,00,000 ஐஓபிஎஸ் என்று பார்க்கிறீர்கள். சோதனையில் ஒரே நேரத்தில் 128 வேலைகளை நிலுவையில் வைத்து அளந்திருந்தால், ஒவ்வொன்றும் 1.28 மில்லி விநாடி எடுத்திருக்கிறது. இப்போது உங்கள் டேட்டாபேஸில் ஒரே ஒரு இரவு நேர ஜாப் ஓடுகிறது: ஒரு வரியைச் சேர், கமிட் செய், அடுத்த வரி. நிலுவை 1. கூட்டம் இல்லாததால் லேட்டன்சி குறையும். சரி, அரை மில்லி விநாடி என்றே வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 2000 கமிட். வாங்கியது லட்சம், கிடைத்தது இரண்டாயிரம். விற்றவர் ஏமாற்றவில்லை, நாம் கேட்டது வேறு. ஒரே நேரத்தில் நிறையப் பேர் கமிட் செய்தால் டேட்டாபேஸ் அவர்கள் எல்லோருடைய லாக் வரிகளையும் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் அனுப்பிவிடும், அதனால் கூட்டமான கடையில் இந்த வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. தனியாக ஓடும் ஜாப்தான் மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் இரண்டு கட்சிகளின் சண்டைக்கும் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹார்டு டிஸ்க் காலத்தில் ஒரு ரீட்டுக்கு ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். நடுவில் ஒரு நெட்வொர்க்கும் அட்டவணையும் சேர்ந்து அரை மில்லி விநாடி கூட்டினால் அது 5 சதவீதம். யாரும் கவனிக்க மாட்டார்கள். இன்று சர்வருக்குள்ளேயே இருக்கும் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியில் ஒரு ரீட்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. அதே அரை மில்லி விநாடியை இதோடு கூட்டினால் மொத்தம் ஆறு மடங்கு. அடுக்கு மாறவில்லை, அதன் செலவும் மாறவில்லை; அடியில் இருந்த டிஸ்க் வேகமாகிவிட்டது. "எல்லாமே எஸ்எஸ்டி, அதனால் கவலை வேண்டாம்" என்பது சரியாகத் தலைகீழ்: டிஸ்க் வேகமாக ஆக ஆகத்தான் நடு அடுக்கு கண்ணில் படுகிறது.

பழைய ஆட்களின் வெறுப்புக்கும் நியாயமான காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் சர்வர் 2003 வரை பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) 63 செக்டார், அதாவது 63 முறை 512 பைட், தள்ளித் தொடங்கும். அந்த 63, கீழே இருக்கும் பெட்டியின் 4 கேபி எல்லைகளோடு பொருந்தாது. 8 கேபி பேஜ் ஒன்று இரண்டு பிளாக்கில் அடங்க வேண்டியது மூன்றில் கால் வைக்கும். எழுதும்போது ஓரத்துப் பிளாக்குகளை முதலில் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். 2008 பதிப்பிலிருந்து 1 எம்பி தள்ளித் தொடங்க ஆரம்பித்ததும் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அப்போது பட்ட சூடு மட்டும் சிலருக்கு ஆறவில்லை.

### சராசரியை நம்பாதீர்கள்

லேட்டன்சியைச் சராசரியாகச் சொன்னால் ஒன்றுமே தெரியாது. நூறில் 99 ரீட் 0.5 மில்லி விநாடியில் முடிந்து, ஒன்று மட்டும் 40 மில்லி விநாடி எடுத்தால் சராசரி ஒரு மில்லி விநாடிக்கும் கீழே இருக்கும். அறிக்கையில் அழகாகத் தெரியும். ஆனால் ஒரு வெப் பக்கத்துக்காக டேட்டாபேஸ் அடுத்தடுத்து 50 ரீட் செய்தால், அதில் ஒன்றாவது அந்த மெதுவான ரீட்டாக இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். அதாவது ஐந்தில் இரண்டு பேருக்குப் பக்கம் இழுக்கும். அதனால் கேட்க வேண்டியது 99ஆம் சதமானம்: நூறில் 99 வேலைகள் எத்தனை மில்லி விநாடிக்குள் முடிந்தன என்ற எண். பிஸியான டேட்டாபேஸுக்கு 99.9 வரைக்கும் பார்ப்பது நல்லது.

அந்த ஒரு மெதுவான ரீட் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து. அதே டிஸ்க்குகளை, அதே நெட்வொர்க்கை இன்னொருவரின் பேக்கப் ஜாப் உறிஞ்சிக்கொண்டிருக்கும். வெர்ச்சுவல் அடுக்கு யார் யாரோடு பங்கு போடுகிறோம் என்பதையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

### அரை மணி நேர வேகம்

நன்றாக அளந்தும் ஏமாறும் ஒரு வழியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஈபிஎஸ்ஸில் ஜிபி2 (gp2) என்ற வகை பல ஆண்டுகள் எல்லோரும் பயன்படுத்தியது. அதன் விதி: ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் விநாடிக்கு 3 ரீட் அல்லது ரைட். 100 ஜிபி வால்யூம் என்றால் 300 ஐஓபிஎஸ். ஆனால் சின்ன வால்யூமுக்கும் 3000 வரை பாயும் உரிமை உண்டு. அதற்கான கையிருப்பு 54 லட்சம் கிரெடிட், ஒரு ரீட்டுக்கோ ரைட்டுக்கோ ஒரு கிரெடிட்.

கணக்குப் போடுங்கள். 3000 வேகத்தில் ஓடினால் 300 தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும், மீதி 2700 கையிருப்பிலிருந்து போகும். 54 லட்சத்தை 2700ஆல் வகுத்தால் 2000 விநாடி, ஏறக்குறைய 33 நிமிடம். பத்து நிமிடம் சோதனை செய்தவர் "3000 ஐஓபிஎஸ், பிரமாதம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார். மாதக் கடைசி இரவில் ரிப்போர்ட் ஜாப் ஒரு மணி நேரம் ஓடும்போது 34ஆவது நிமிடத்தில் வேகம் பத்தில் ஒன்றாக விழும். கையிருப்பு காலியானபின் வால்யூமைச் சும்மா விட்டாலும் மறுபடி நிரம்ப 5 மணி நேரம். எந்தப் பிழைச் செய்தியும் வராது. டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் இன்டெக்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

2020 டிசம்பரில் வந்த ஜிபி3 (gp3) வகையில் இந்தக் கையிருப்பு விளையாட்டு இல்லை. அளவு எதுவானாலும் அடிப்படையே 3000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி. (அந்த 125ஐயும் பாருங்கள்: 100 ஜிபி டேபிளை முழுதாக ஒரு முறை படிக்க 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஐஓபிஎஸ் தாராளமாக இருந்தும் ரிப்போர்ட் இழுப்பது இதனால்தான்.) வால்யூமை மாற்றினாலும் சின்ன வகை வெர்ச்சுவல் மெஷின்கள் பலவற்றில் மெஷினுக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையிலான பாதைக்கே இதே போன்ற அரை மணி நேரப் பாய்ச்சல் உண்டு. அளந்தால் அதையும் தாண்டி அளக்க வேண்டும்.

சுருக்கமாக இந்தப் பகுதி: ஐஓபிஎஸ் மட்டும் சொன்னால் நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள், லேட்டன்சி சொன்னால் எந்தச் சதமானம் என்று கேளுங்கள், இரண்டையும் சொன்னால் எத்தனை நேரம் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள்.

## ஸ்னாப்ஷாட் என்னும் வசதியும் வம்பும்

அட்டவணை இருப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய வசதி ஸ்னாப்ஷாட்: ஒரு தருணத்தில் வால்யூம் எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்திவைத்த ஒரு நகல். டேட்டாவை நகலெடுக்க வேண்டாம், அட்டவணையை நகலெடுத்தால் போதும் என்பதால் நொடியில் முடிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை இப்படிப் பிடித்தால் சரியாக வருமா? வரும், ஒரு நிபந்தனையோடு. அந்த நகல், அந்த நொடியில் கரண்ட் போனால் டிஸ்க்கில் என்ன மிஞ்சுமோ அதேதான். கரண்ட் போய் எழுந்து வரத் தெரிந்த டேட்டாபேஸுக்கு இதிலிருந்தும் எழத் தெரியும். ஆனால் லாக்கை ஒரு வால்யூமிலும் பேஜ்களை இன்னொரு வால்யூமிலும் வைப்பது பழைய நல்ல வழக்கம். சிட்டையைப் படம்பிடித்துவிட்டுச் சில விநாடி கழித்துப் பேரேட்டைப் படம்பிடித்தால், சிட்டையில் இல்லாத வரி பேரேட்டில் இருக்கும். அதைச் சரி செய்ய எந்த டேட்டாபேஸாலும் முடியாது, சமயத்தில் கண்டுபிடிக்கவும் முடியாது. எனவே எல்லா வால்யூம்களையும் ஒரே தருணத்தில் பிடிக்கும் வசதி ஸ்டோரேஜில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டேட்டாபேஸிடம் "பேக்கப் தொடங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு, லாக்கையும் தனியாகச் சேமித்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

இன்னொன்று: எல்விஎம்மின் பழைய வகை ஸ்னாப்ஷாட்டில், ஸ்னாப்ஷாட் உயிரோடு இருக்கும்போது ஒரு பிளாக்கை முதல் தடவை மாற்றினால் பழையதைப் படித்து வேறிடத்தில் எழுதிவிட்டுத்தான் புதியது எழுதப்படும். ஒரு ரைட் மூன்று வேலையாகிறது. தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கும் திட்டம் இருந்தால், ஸ்னாப்ஷாட் இருக்கும் நிலையில்தான் வேகத்தை அளக்க வேண்டும்.

## எல்லாம் ஒரே கூரையில்

2011 ஏப்ரல் 21 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில், வழக்கமான நெட்வொர்க் மேம்பாட்டின்போது போக்குவரத்து தவறுதலாகக் குறைந்த திறனுள்ள பாதைக்குத் திருப்பப்பட்டது. ஈபிஎஸ் ஒவ்வொரு வால்யூமுக்கும் நகல் வைத்திருக்கும். நகல்களுக்கு நடுவே தொடர்பு அறுந்தது. நெட்வொர்க் சரியானதும், நகலைத் தொலைத்ததாக நினைத்த வால்யூம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் புதிய நகல் வைக்க இடம் தேடின. காலியிடம் தீர்ந்தது. பாதிக்கப்பட்ட மண்டலத்தில் (அந்த மையத்தின் தனித்தனிப் பிரிவுகளில் ஒன்று) ஏறக்குறைய 13 சதவீத வால்யூம்கள் படிக்கவும் முடியாமல் எழுதவும் முடியாமல் உறைந்து நின்றன. ரெடிட், குவோரா போன்ற தளங்கள் முடங்கின. கடைசியில் வால்யூம்களில் 0.07 சதவீதத்தைச் சரியான நிலையில் மீட்கவே முடியவில்லை.

இது டிஸ்க் உடைந்ததால் தொடங்கியது இல்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்க் உடைந்தால் தாங்குவதற்காக வைத்திருந்த ஏற்பாடுதான் கூட்டத்தில் மூச்சுத் திணறியது. டேட்டாபேஸின் மாற்றுப் பிரதியை வேறு வால்யூமில் வைத்திருக்கிறோம் என்பது போதாது. இரண்டு வால்யூமும் ஒரே பெட்டியிலிருந்தோ ஒரே மண்டலத்திலிருந்தோ வந்தால், விழும்போது சேர்ந்து விழும். இதை வால்யூமைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## சரி, எப்படிச் சோதிப்பது?

லினக்ஸில் எஃப்ஐஓ என்ற இலவசக் கருவி இருக்கிறது. லினக்ஸின் பிளாக் பகுதியைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. அதில் உங்கள் டேட்டாபேஸின் பேஜ் அளவை வைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கவும் எழுதவும் சொல்லுங்கள். நிலுவை 1, 4, 16, 64 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 99ஆம் சதமானத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லாக்குக்குத் தனியாக: அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொரு ரைட்டுக்கும் எஃப்சிங்க். போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கென்றே பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்ற குட்டிக் கருவி கூடவே வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெமரியைவிடப் பெரிய ஃபைலில் சோதிக்க வேண்டும். 4 ஜிபி ஃபைலை வைத்துச் சோதித்தால் நீங்கள் அளப்பது யாரோ ஒருவருடைய கேஷை. தின் வால்யூமில் ஒருபோதும் எழுதாத பகுதியைப் படித்தால், அட்டவணையில் அப்படி ஓர் இடமே இல்லாததால் டிஸ்க்கைத் தொடாமலே பூஜ்யங்களைத் திருப்பித் தந்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து மயங்கியவர்கள் நிறையப் பேர். எனவே முதலில் வால்யூம் முழுவதையும் ஒரு முறை எழுதி நிரப்புங்கள். பூஜ்யங்களால் நிரப்பினாலும் சுருக்கி வைக்கும் பெட்டிகள் அதை ஏப்பம் விட்டுவிடும். தாறுமாறான டேட்டாவால் நிரப்புங்கள்.

முதல் கேள்விக்கான சோதனை முரட்டுத்தனமானது: பிளக்கைப் பிடுங்குவது. லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தைத் தொடங்கிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் இதற்காக டிஸ்க்செக்கர் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். ஒரு மெஷின் எழுதி எஃப்சிங்க் கேட்கும். "ஆயிற்று" என்று பதில் வந்ததையெல்லாம் இன்னொரு மெஷின் குறித்துக்கொள்ளும். நடுவில் கரண்டை நிறுத்தி, எழுந்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் பொய் வெளிவந்துவிடும். வெர்ச்சுவல் மெஷினை மட்டும் அணைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். ஹோஸ்டின் மெமரியில் இருப்பது அப்போது அழியாது, அதனால் எந்தப் பொய்யும் பிடிபடாது. ஹோஸ்டின் பிளக்கையே பிடுங்க வேண்டும். கிளவுடில் பிளக் நம் கையில் இல்லை. அங்கே அவர்களின் ஆவணம் என்ன உறுதி தருகிறது என்று படிப்பதும், வேறு மண்டலத்தில் ஒரு பிரதி வைப்பதும்தான் வழி.

இதெல்லாம் முடிந்த பிறகு, உங்கள் சொந்த டேட்டாபேஸின் நகலை ஏற்றி உங்கள் சொந்தக் குவெரிகளை ஓட்டுங்கள். நகலை ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்டுச் செய்தால் இன்னொன்றும் சேர்ந்து தெரிந்துவிடும். ஈபிஎஸ்ஸில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய வால்யூம் உடனே "தயார்" என்று காட்டும், ஆனால் டேட்டா இன்னும் முழுதாக வந்திருக்காது. இன்னும் வராத பிளாக்கை முதல் முறை கேட்டால், ஸ்னாப்ஷாட் இருக்கும் எஸ்3 என்ற அமேசானின் சேமிப்புச் சேவையிலிருந்து அது இழுத்து வரப்படும். அந்த முதல் ரீட் வழக்கத்தைவிடப் பல மடங்கு மெதுவாக இருக்கும். எனவே விபத்துக்குப் பிறகு டேட்டாபேஸ் எழ எவ்வளவு நேரம் என்று மேலதிகாரிக்குச் சொல்வதற்கு முன், வால்யூம் தயாரான நேரத்தை எழுதாதீர்கள். உங்களிடம் உள்ள மிகப் பெரிய டேபிளை மீட்ட வால்யூமில் ஒரு முறை முழுக்கப் படிக்கவைத்து, அதற்கு ஆகும் நேரத்தை எழுதுங்கள்.